பேயின் பெயர்

ஒன்பது வயதில், எங்கள் ஊரான மஹய்யாவையில், பட்டப்பகலில் ஒரு பேயை விரட்டியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

அதற்கான பயிற்சி ஒரு நாவலிலிருந்து கிடைத்தது. அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. பாடசாலை நூலகத்திலிருந்து கொண்டுவந்த அந்த நாவலை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். தன் ஊருக்குள் புகுந்த பேய்களோடு தன்னந்தனியாகப் போரிடும் ஒரு பெண்ணின் கதை. பேய்கள் மனித உடம்புக்குள் ஒளிந்திருக்கும். கண்ணை நேராகப் பார்த்து, அதன் பெயரை அதன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் போதும், பலமெல்லாம் போய்விடும்.

அந்த நாட்களில் அக்கா டியூஷன் விட்டு வரும்போது, எங்கள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டை விட்டுவிட்டுப் பெரிய வீதியால் சுற்றி வரத் தொடங்கினாள். ஏன் ஏன் என்று துளைத்தெடுத்தேன்.

"படிக்கட்டுல ஒரு பேய் நிக்குது. அம்மாகிட்ட சொல்லிறாத, டியூஷன நிப்பாட்டிருவாங்க" என்றாள்.

பேய்க்காக ஏன் டியூஷனை நிறுத்த வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி இது என் பொறுப்பு என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்துக்கு இறங்கிப் போய், மறுக்க மறுக்க அக்காவைப் படிக்கட்டு வழியே இழுத்து வந்தேன். பாதி ஏற்றத்தில் மதிலில் சாய்ந்தபடி ஒருவன் நின்றான். அக்கா என்னைப் பின்னால் இழுத்தாள்.

"இன்னைக்கு என்ன, பாடிகார்டோட வர்றீங்க?" என்று வழியை மறித்தான்.

நான் முன்னே போய் அவன் கண்ணைப் பார்த்துக் கத்தினேன். "ஒம் பேரச் சொல்லு!"

சிரித்தான். நான் விடவில்லை. "பேரச் சொல்லு! பேரச் சொல்லு!"

கதவுகள் திறந்தன. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணொருவர் ஈரக் கையோடு இறங்கி வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"புள்ள கேக்குதுல்ல? பேரச் சொல்லு. எந்த வீட்டுப் பையன் நீ?"

அப்போதுதான் அக்காவுக்குக் குரல் வந்தது. "ஒரு மாசமா எம் பின்னாலயே வர்றாரு."

இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவன் மெல்லிய குரலில் தன் பெயரைச் சொன்னான். தகப்பன் பெயரையும் சொல்ல வைத்தார்கள். பிறகு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி ஓடினான்.

வீடு வரும்வரை அக்கா அழுதாள், இடையிடையே சிரித்தாள். டியூஷன் நிற்கவில்லை. பரீட்சையிலும் நன்றாகச் செய்தாள்.

எனக்குத்தான் ஒரு மனக்குறை. பேய் பிடித்துத் தவித்த மனிதனை நான் காப்பாற்றியிருக்கிறேன், ஒரு நன்றி சொல்லவாவது வர மாட்டானா என்று பல நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.