மணம்: அழுகிய முட்டை

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் தாம்பரம் ரயில் நிலையப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒருவர் மேல் ஆத்திரம்தான் வந்தது. இரங்கல் குறிப்பில் இப்படி எழுதலாமா என்று அக்காவை அறிந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர் சுளித்திருக்க மாட்டார்.

ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் அலுவலகத்தில் மாதிரி எடுத்து வருவது அவர் வேலை. ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதிப்பது என் வேலை. "கண்ணை ஏமாத்தலாம்டா, மூக்கை ஏமாத்த முடியாது" என்பார்.

திருநீர்மலைப் பக்கம் ஓர் ஏரியில் மீன் செத்து மிதந்த வாரம், பதிவேட்டில் 'மணம்' என்ற கட்டத்தில் 'அழுகிய முட்டை' என்று எழுதினார். கழிவை விட்டது யார் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் அதிகாரிக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

"மணமற்றதுன்னு மாத்துங்க எஸ்தர்" என்றார் அதிகாரி.

"ஒரு தடவை மோந்து பாருங்க சார். நாத்தம் இல்லேன்னா மாத்திடறேன்" என்று அக்கா பாட்டிலைத் திறந்து நீட்டினார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு பேனாவை எடுத்துத் தானே அடித்துத் திருத்தினார்.

"பக்கத்துல இனிஷியல் போட்டுடுங்க சார். ஆடிட்ல கேப்பாங்க."

ஆடிட் என்றால் அந்த மனிதருக்கு அவ்வளவு பயம். போட்டார். அடுத்த மாதமும் அக்கா அதையே எழுதினார். அவர் அடித்தார், சுருக்கொப்பம் போட்டார். ஒரு வருடம் முழுக்க இதுவே நடந்தது.

பிறகு அக்காவின் கோப்பில் 'இவரது மோப்ப உணர்வு நம்பத்தக்கதல்ல' என்று எழுதி, அவரைக் கிடங்குக்கு மாற்றினார். கேன்டீனில் 'மூக்கு மேடம்' என்று சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். "சிரிச்சுட்டுப் போ. பதிவேடு சிரிக்காது" என்றார் அக்கா. கோப்பில் ஏறிய அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி, ஓய்வு பெற்ற பிறகும் மனு போட்டுக்கொண்டே இருந்தார். கடைசிவரை நீக்கவில்லை.

அடக்கத்துக்கு அதிகாரி வரவில்லை. மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதில் செருகிய அட்டையில் 'நேர்மையின் வடிவம்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். கீழே அதே சுருக்கொப்பம், வால் நீண்ட அதே சுழி.

சார், நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். பதிவேட்டின் அந்தப் பக்கங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கி, உங்கள் மேல் புகார் கொடுத்துவிட்டேன். அக்கா கோப்பில் இருக்கும் வரியை நீக்கவும் கேட்டிருக்கிறேன். நீங்கள் போட்ட ஒவ்வொரு கோட்டுக்கு அடியிலும் அழுகிய முட்டை தெளிவாகத் தெரிகிறது. பக்கத்திலேயே உங்கள் சுழி. விசாரணையில் 'அது என் கையெழுத்தே இல்லை' என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அதனால்தான் பூவை எல்லாம் குப்பையில் கொட்டினேன். அக்கா நினைவாக நான் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் அட்டை.