தேசம்மா கொடுத்த தாள்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் பழகியது. பேத்தி இதைப் படமெடுத்துப் போடுகிறாள்.

இன்று டச்சுக் கல்லறை எதிரே பஸ்ஸுக்கு நின்றபடி, கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் குப்பத்துப் பெண் தேசம்மா, பிறவியிலேயே காது கேட்காத இரண்டு வயது மகளோடு வந்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம்.

"நைனா, படிக்கக் கத்துக்கினியாமே? இத்தப் படி" என்று ஒரு பழைய தாளை நீட்டினாள். "எனக்கு ஊசி போட்ட சீட்டு இருக்கான்னு டாக்டரு கேட்டாரு. நான் படிச்ச ஸ்கூல்ல இதான் இருந்துச்சு."

படித்தேன்.

"எங்கள் குப்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு ருபெல்லா அம்மை ஊசி வேண்டாம். மீறிப் போட்டுக்கொள்ளும் குடும்பத்தை ஊர் தள்ளிவைக்கும். இப்படிக்கு, ஊர்த் தலைவர்."

ஓர் எழுத்துகூடத் தடுமாறவில்லை.

கீழே என் கைநாட்டு. அன்று நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது. தேசம்மா பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அந்த அம்மைதான் அவளுக்கு வந்தது.

"இன்னா அழகா படிக்கிற நைனா!" என்று சொல்லி, மகளை என் முன்னால் நிறுத்தினாள். "இதுக்கும் படிச்சுக் காட்டு. நல்லா சத்தமா."

படித்தேன். குழந்தை என் வாயையே பார்த்துச் சிரித்தது. பஸ் வந்ததும் தேசம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் வகுப்பில் சொந்தமாக ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். யாருக்கு என்பது தெரிந்துவிட்டது. என்ன எழுதலாம், நீங்கள் சொல்லுங்கள்.