கதிரை விட்டு ஒதுங்கிய கார்

அறுப்புக் காலம் வந்தால் இஸ்ரவேலுக்குத் தொண்டை கட்டிவிடும். கோவில்பட்டியில் பழைய அம்பாசிடரை வைத்துக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். விளாத்திகுளம் ரோட்டில், போகிற வண்டிகள் மிதிக்கட்டும் என்று கம்பங்கதிரைப் பரப்பியிருப்பார்கள்.

"அதுல ஏறுனா டயர் வழுக்கும், பிரேக் நிக்காது. ஒதுங்கிப் போங்க" என்று வருடக்கணக்காகக் கத்தியும் யாரும் கேட்டதில்லை. ஊரே ஏற்றித்தானே போகிறது என்பார்கள்.

அன்று கற்றுக்கொள்ள வந்த முத்துசெல்வி மட்டும் வேகத்தைக் குறைத்து, எதிரே பார்த்து, கதிரை விட்டு ஒதுங்கி ஓட்டினாள். இத்தனை வருட அலுப்புக்கு இது போதும் என்று இஸ்ரவேல் சீட்டில் சாய்ந்தார்.

கதிர் முடிகிற இடத்தில் முறத்தோடு நின்ற அவர் மனைவி தெரசம்மாள் வண்டியை மறித்தாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளையத் திரும்பி வரச் சொல்லுங்க. நம்ம கதிருல்லா, நல்லா ஏத்தி ஓட்டட்டும்."