நடுச்சுவருக்கு மேலே நீண்ட கை

அன்பான சகோதர சகோதரிகளே, மண்ணுக்குள் போயிருக்க வேண்டியவள் நான். உயிரோடு நின்று இதைச் சொல்கிறேன் என்றால் அது ஆண்டவருடைய இரக்கம்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. போன கார்த்திகை மழையில் லயத்துக்கு முன்னால் இருந்த மண்மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. மண் சரியும் என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கச் சொன்னார்கள். போனேன். ஆனால் மனசு வீட்டிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று வருஷம் ஆகியும், அவருடைய சட்டையை ஆணியிலிருந்து நான் எடுத்ததில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் அதன் முன்னால் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்தக் காலத்தைத் திருப்பித் தாரும்" என்று சத்தமாக ஜெபிப்பேன். வேறு ஜெபமே என்னிடம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்கு இது ஆகவே ஆகாது. விளக்குமாற்றுக் கட்டையால் சுவரில் தட்டுவாள். "எஸ்தரக்கா, ஒங்க சாமிக்குக் காது கேக்காதா? புள்ளைங்க படிக்கணும்ல!" நானும் லேசுப்பட்டவள் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போன மறுநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் சட்டையை எடுக்க வந்தேன். எடுத்ததும் கிளம்ப வேண்டியதுதானே? கூறுகெட்டவள், கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். திடீரென்று ஓர் இரைச்சல். மண் இறங்கி என் கதவையும் இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்துவிட்டது. எங்களுடையது கடைசி வீடு. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கதவிடுக்கில் சேறு உள்ளே வந்தது.

எந்த அறையை விட்டு வரமாட்டேன் என்று என் மனசு அடம்பிடித்ததோ, அதே அறை. மூச்சு முட்டியது. செத்துப்போன வீட்டுக்காரரை நினைத்து அழுதவள்தானே, அவரிடமே போய்விடலாம் என்று நினைத்தேனா? இல்லை. "ஆண்டவரே, பழசு எனக்கு வேண்டாம்! என்னை வெளியே எடும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுவரில் யாரோ தட்டினார்கள்.

"அடியாத்தி! அக்கா, நீங்க உள்ளயா இருக்கீங்க?"

கோழிகளைப் பிடித்துப் போக வந்த பாக்கியம்! அவள் வீட்டு வாசல் இன்னும் அடைபடவில்லை.

லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டே தவிர, அது கூரையைத் தொடாது. அவள் தன் பக்கம் மேசைமேல் ஏறி, அந்த இடைவெளியில் கையை நீட்டினாள். நான் கட்டில் சட்டத்தில் ஏறினேன். ஒரு கையில் சட்டை.

"அத விடுங்கக்கா! ரெண்டு கையையும் குடுங்க!"

விட்டேன். என் உடம்பை வைத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டினேன் பாருங்கள், அதுவே ஓர் அற்புதம். இரண்டு பேரும் கீழ்ப் பாதைக்கு ஓடி வந்து திரும்பியபோது வீடு இல்லை.

இப்போது கூடாரத்தில் இருக்கிறேன். வீடு தருவதாகச் சொல்கிறார்கள், இன்னும் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் பழைய நினைப்பு நெஞ்சை அடைக்கும். ஆனாலும் ஆண்டவர் ஒன்றைப் புரியவைத்தார். என் வீட்டுக்காரரை நான் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ எனக்கு முன்னால் போயிருக்கிறார். பரலோகம் நாம் விட்டுவந்த வீடு அல்ல, இனிமேல் பார்க்கப் போகிற வீடு.

உங்களிலும் யாராவது இப்படி அடைபட்டுக் கிடந்தால் ஆண்டவரை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். யாரை அனுப்புவார் என்று அவருக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரை அங்கே கட்டாயம் பார்ப்பேன். அவசரம் இல்லை. எனக்கு இங்கே கொழுந்து பறிக்கிற வேலை இருக்கிறது. எனக்காகக் காத்திருந்தே பழகிய மனுஷன், இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்.