படகு இருக்கையில் ஏழு கோட் வார்னிஷ்

தேக்கு பதித்துப் படகை இறக்கிய முதல் நாளே என் வீட்டுக்காரர் பாய்மரப் படகுக்குள் வழுக்கி விழுந்தார். காரணம் என் கைவேலை.

வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சாமான் பட்டறையில் முப்பது வருஷம் பாலிஷ் போட்டவள் நான். மேஸ்திரி மேஜைமேல் குனிந்து மீசையைத் திருகுவார். பளபளப்பில் மீசை தெரிந்தால்தான் வேலை முடிந்தது. என் மேஜையில் ஒருநாளும் தெரியாமல் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் வேளிக் காயலில் படகுகளைப் பராமரித்தவர். ஓய்வு பெற்றபோது பழைய படகு ஒன்றைக் கொடுத்தார்கள். முழங்கால் முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அதன் ஃபைபர் இருக்கை அவருக்கு ஆகவில்லை. வெயிலில் சுடும், நனைந்தால் வழுக்கும்.

"இனி மதி, போதும்பா. படகை வித்திருவோம்" என்றாள் மகள்.

அன்று அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"ஆசாரி வேண்டாம். நானே பலகை பதிச்சுத் தாரேன்" என்றேன்.

இருக்கைமேல் அட்டையை விரித்து, வளைவை வரைந்து வெட்டினேன். அந்த அளவுக்குத் தேக்குச் சட்டங்களை அறுத்தேன். எழுத்து எனக்கு அவ்வளவு வராது. எந்தச் சட்டம் எங்கே என்று கோலப்புள்ளி வைத்துக்கொண்டேன். பசை தடவி ஒட்டி, இடுக்கில் கறுப்பு ரப்பர் பசை நிரப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீசை தெரிய வேண்டாமா? ஏழு கோட் வார்னிஷ் அடித்தேன்.

வார்னிஷ் காய்ந்ததும் இருவரும் படகில் கிளம்பினோம். காற்றில் படகு சாய்ந்தது. அவர் சறுக்கிக் கீழே வந்துவிட்டார். நான் குனிந்து அவர் காலைப் பிடித்தேன்.

"முட்டு?"

"முட்டுக்கு ஒண்ணுமில்லே, கேட்டியா. ஏட்டி செல்லம், இது உக்காரவா, மொகம் பாக்கவா?"

"சிரிக்காதீங்க. மக கேட்டா இன்னிக்கே படகு போச்சு."

"நீ சொல்லாதே. நான் விழல்லே, எறங்கி உக்காந்தேன்."

கரையில் கட்டியதும் உப்புத்தாளை எடுத்தேன். ஏழு கோட் வார்னிஷையும் தேய்த்து எடுக்க நான்கு நாள். என் பளபளப்பை நானே அழித்தது அதுதான் முதல் தடவை. கை தயங்கத்தான் செய்தது. கடைசியில் வெறும் மரம். உள்ளங்கையை வைத்தால் சொரசொரவென்று பிடித்தது.

அடுத்த ஞாயிறு மகளும் ஏறினாள். படகு சாய்ந்தது. அவர் அசையவில்லை, அவள்தான் அலறி என் தோளைப் பிடித்தாள். அப்புறம் விற்கிற பேச்சை அவள் எடுக்கவில்லை.

பாலிஷ் வேலைக்கு வரும் பிள்ளைகளே, மேஜையில் மீசை தெரியட்டும். ஆள் உட்காரும் பலகையில் ஆள் நிலைத்திருந்தால் போதும்.

படகுத்துறையில் இருக்கையைப் பார்ப்பவர்கள் இப்போதும் கேட்பார்கள்: "சேச்சி, பாலிஷ் போடல்லியா?"

"உக்காந்து பாரு" என்பேன்.