அக்காவின் தெருவில் குடிகாரன் வேஷம்

தெருவில் நாடகம் போடுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நமக்குத் திரை கிடையாது. அழுகிற காட்சியில் ஆட்டோ வந்தாலும் எழுந்து வழி விட வேண்டும். காஞ்சிபுரத்தில் இந்த வம்பைத் தொடங்கி வைத்தவர் வசந்தா அக்கா. பகலெல்லாம் பட்டுத்தறி, மிச்ச நேரத்தில் எழுத்து. எங்கள் பக்கத்தில் தெருமுனைக்கென்றே நாடகம் எழுதிய முதல் ஆள் அவர்தான். மண்டபக்காரர் சாவி தர மறுத்த அன்று, "தெருவுக்கு ஏதுடா பூட்டு?" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாடகத்தில் அக்கா மனைவி, நான் குடிகாரப் புருஷன். கடைசியில் பறையை நிறுத்திவிட்டு, "இந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணணும்?" என்று கூட்டத்தைக் கேட்போம். அக்காவின் வீட்டுக்காரரும் குடிப்பவர். அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஊரெல்லாம் ஆடு. நம்ம தெருவுல ஆடினா வூட்டுக்குள்ள கால் வைக்காத."

வாலாஜாபாத் சந்தை

போதையில் விழுகிற காட்சி. ரொம்ப நன்றாக விழுந்துவிட்டேன் போல. கீரை விற்கிற அம்மா ஒருவர் நடப்பது நாடகம் என்றே தெரியாமல் வந்து, என்னைத் தரதரவென்று இழுத்துப் போனார். அக்கா பாவம், வெறும் தரையைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னை மரத்தடியில் போட்டுவிட்டு அந்தம்மா சொன்னார்: "வெயில்ல கெடந்து சாவாதடா. இப்டி நெழல்ல சாவு!"

ஓரிக்கை டீக்கடை

கைதட்டல் வாங்கிய மிதப்பில் டீ குடிக்கப் போனேன். டீ மாஸ்டர் பக்கத்தில் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: "நீ ரொம்பத் தள்ளாடறபா. குடிச்சவன் நேரா நடக்கத்தான் பாடுபடுவான். நேத்து நான் போனேனே, பாக்கல?"

அக்காவின் தெரு

"எங்க தெருவுக்கு மட்டும் ஏன் வர மாட்டேன்றீங்க?" என்று அக்காவின் தெருப் பெண்கள் விடாமல் கேட்டார்கள். ஒருநாள் அக்கா, "பையில மாத்துப் பொடவை வச்சிக்கினேன். வாங்கடா" என்றார்.

பறைச் சத்தம் கேட்டுத் தறிகள் நின்றன. ஜனங்களோடு அக்காவின் வீட்டுக்காரரும் வந்து கைகட்டி நின்றார். அக்காவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கடைசிக் கேள்வியை நான்தான் கேட்டேன். "அனுசரிச்சிப் போவணும்" என்றார் ஒருவர். "அம்மா வூட்டுக்குப் போவட்டும்" என்றது இன்னொரு குரல்.

அப்போது அக்காவின் வீட்டுக்காரர் வட்டத்துக்குள் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் அவ என்ன பண்ணணும்னே கேக்கறீங்களே. அவன் என்ன பண்ணணும்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களாபா?"

அன்று அக்கா தன் வீட்டுக்குள்தான் போனார், நாடகத்தின் கேள்வியையும் "இந்த ஆளு இப்ப என்ன பண்ணணும்?" என்று மாற்றி எழுதிவிட்டார். அதைக் கேட்ட மனுஷனே இன்னும் குடியை விட்டுப் பதில் சொல்லாததால் குடிகாரன் வேஷம் மட்டும் என்னை விட்டபாடில்லை.