ஆறு சென்டிமீட்டர் நான்கு மில்லி

ஏழாம் வகுப்பில் என் நோட்டுகளில் அடித்தல் திருத்தல் இருக்காது. அது எனக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையால் ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது.

சின்னமனூரில் மாமா ஜீப் பட்டறை வைத்திருந்தார். மேகமலை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று, ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்புத் தகட்டில் விரிசலோடு வந்தது. புதுத் தகடு மதுரையிலிருந்து வர நான்கு நாளாகும். அதுவரை வண்டி ஓட, விரிசல் முடியும் இடத்தில் ஒரு துளை போட்டுத் தருவதாக மாமா சொன்னார்.

“கிழிஞ்ச சட்டைக்குக் காஜா எடுக்கப் போறியாக்கும்?” என்று ஜீப்காரர் சிரித்தார்.

“கூர்முனைதாண்ணே கிழிச்சுக்கிட்டே போகும். அதை உருண்டையாக்கிட்டா அங்கனயே நின்னுரும். ஆனா நெசமான முனையில ஓட்டை விழணும்.”

அந்த முனையைக் கண்டுபிடிப்பது விடுமுறை நாட்களில் என் வேலை. தகட்டில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாக ஊறும்.

“அவசரப்படாத ஆத்தா. ஈரம் எங்கன நிக்குதோ அங்கன குறி போடு” என்றார் மாமா.

ஈரம் நின்றதுபோல் தெரிந்ததும் குறி போட்டேன். விரிசலின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து, 6.4 என்று நோட்டில் மைப்பேனாவால் எழுதினேன். திரும்பிப் பார்த்தால், ஈரம் என் குறியைத் தாண்டி ஒரு நெல் நீளம் போயிருந்தது. எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. பாவாடை நுனியால் அந்த ஈரத்தைத் துடைத்தேன். மாமா என் குறியில் துளை போட்டார்.

மூன்றாம் நாள் மலைப்பாதை வளைவில் தகடு ஒடிந்து ஜீப் சரிந்தது. ஏலக்காய் பறிக்கப் போன ஒரு பெண்ணுக்குத்தான் அடி.

ஜீப்காரர் இரண்டு துண்டுகளையும் மேசையில் எறிந்தார். “ஓட்டையைப் போட்டு ஒடிச்சுட்டியேய்யா! அந்தம்மா கையில கட்டோட ஆஸ்பத்திரியில கெடக்காக!”

மாமா ஒரு துண்டை வெயிலில் பிடித்து, ஒடிந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் துணியில் சுற்றினார்.

“என் தப்புத்தாண்ணே.”

நான் நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றேன். அந்த ஜீப்காரர் மறுபடி வரவில்லை. ‘ஓட்டைப் பட்டறை’ என்ற பெயர் மட்டும் மாமாவுக்கு நிலைத்தது.

பாலிடெக்னிக்கில் உலோக முறிவு பற்றிய முதல் பாடத்தில்தான் தெரிந்துகொண்டேன்: ஒடிந்த முகத்தில் பழைய விரிசல் துருவேறிக் கறுத்திருக்கும், புதிதாக ஒடிந்த பகுதி பளபளக்கும். துளைக்கு அப்பாலும் நீண்டிருந்த கறுப்பைத்தான் மாமா வெயிலில் பார்த்திருக்கிறார்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த விடுமுறையில் இன்னொரு விரிசலைப் பார்க்க மாமா என்னையே கூப்பிட்டார்.

“பேனா வேணாம் ஆத்தா. பென்சில் எடுத்துட்டு வா.”

மை வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.